மருந்து விளம்பரமும் மக்கள் நலமும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது சித்தூர் வட்டம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் முதலிய ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்குகின்றன. வயல் வேலையும் தோப்பு வேலையும் முடித்து வீடு திரும்பும் குடும்பத்தினர் மாலை வேளையில் சென்னையிலிருந்து வரும் தமிழ் அலைவரிசைகளையும், கேரளத்தின் மலையாள அலைவரிசைகளையும் மாறி மாறிப் பார்க்கின்றனர். இவ்விரு மொழி ஒளிபரப்பிலும் அவர்களை விடாது பின்தொடர்வது மருந்து விளம்பரமாகும். மூட்டு வலிக்குத் தைலம், நீரிழிவுக்குச் சூரணம், உடல் மெலியப் பொடி, ஆண்மைக் குறைவுக்கு லேகியம் என அவை அடுக்கடுக்காக வருகின்றன. உணவு வேளையில் குழந்தைகளோடு அமர்ந்திருப்போர் இவற்றைக் கண்டு முகம் சுளிப்பது இயல்பே.

இந்த எரிச்சலை வெறும் இரசனைக் குறையாகக் கருதி ஒதுக்கிவிடலாகாது. ஏழை, நடுத்தரக் குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தும் செலவுகளுள் மருத்துவச் செலவு முதன்மையானது. பயனற்ற மருந்துக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் கல்விக்கும் உணவுக்கும் உரிய ரூபாயாகும். அதைவிடப் பெரிய இழப்பு காலத்தின் இழப்பு. நீரிழிவு நோயாளி ஒருவர் விளம்பரத்தை நம்பி இன்சுலினை நிறுத்தினால், சிறுநீரகமும் கண்ணும் பழுதடைந்த பின்னரே மருத்துவமனைக்குத் திரும்புவார். எனவே மருந்து விளம்பரம் பற்றிய சட்டங்கள் யாவை, அவை எவ்வாறு செயற்படுகின்றன, எங்கே தடைப்படுகின்றன என்பதை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் நலம்.

மருந்துகளின் வகைகள்

நம் நாட்டில் விற்பனையாகும் மருந்துகளை, விளம்பர நோக்கில், மூன்று பிரிவாகக் காணலாம்.

முதலாவது, மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகள். 1940 ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 1945 இல் வகுக்கப்பட்ட விதிகளில் எச், எச்1, எக்ஸ் என்னும் அட்டவணைகளில் இவை அடங்கும். நுண்ணுயிர்க்கொல்லிகள், இரத்த அழுத்த மாத்திரைகள், நீரிழிவு மாத்திரைகள், உறக்க மருந்துகள் பெரும்பாலும் இப்பிரிவைச் சேர்ந்தவை. இவற்றை மத்திய அரசின் முன் அனுமதியின்றிப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய விதிகள் இடமளிப்பதில்லை. ஆகவே அமெரிக்கத் தொலைக்காட்சியில் காண்பது போன்று, பெயர் சொல்லி இம்மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள் என்னும் விளம்பரம் நம் திரையில் வருவதில்லை.

இரண்டாவது, சீட்டின்றியே மருந்துக் கடைகளில் கிடைக்கும் பொதுப் பயன்பாட்டு மருந்துகள். தலைவலித் தைலம், இருமல் மிட்டாய், செரிமானப் பொடி போன்ற இவற்றின் விளம்பரம் தடை செய்யப்படவில்லை. எனினும் கூறுவது உண்மையாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள். இவற்றைத் தயாரிக்க மாநில அரசின் உரிமம் தேவை. விற்பனைக்குத் தனி உரிமம் தேவையில்லை. எனவே இவை பலசரக்குக் கடையிலும் கிடைக்கின்றன. நெடுங்கால மரபுடைய இம்மருத்துவ முறைகளை மக்கள் மதிக்கின்றனர். அம்மதிப்பையே முதலாகக் கொண்டு சிலர் அளவு கடந்த வாக்குறுதிகளை விற்கின்றனர். திரையில் தோன்றும் ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்களுள் பெரும்பகுதி இப்பிரிவையோ, மருந்தென்று பெயரிடாமல் உணவுத் துணைப்பொருள் என்று விற்கப்படும் பண்டங்களையோ சார்ந்தது.

அண்மையில் நான்காவது ஒரு போக்கும் தோன்றியுள்ளது. மருந்தின் பெயரைக் குறிப்பிடாமல் நோயைப் பற்றி மட்டும் பேசும் விழிப்புணர்வு விளம்பரங்களே அவை. நோயை அறிவிப்பது நற்பணியே. ஆயினும் அந்நோய்க்குரிய மருந்தை விற்கும் நிறுவனமே அதற்குப் பணம் அளிக்கும்போது, அறிவிப்பு எங்கே முடிகிறது, வணிகம் எங்கே தொடங்குகிறது என்னும் வினா எழுகிறது. உடல் பருமனுக்கான புதிய ஊசி மருந்துகள் 2025 ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்துள்ள நிலையில் இவ்வினா முன்னிலும் முக்கியத்துவம் பெறுகிறது.

1954 ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் நாளிதழ்களும் சுவர்களும் இரயில் நிலையங்களும் அற்புத மருந்துகளின் அறிவிப்புகளால் நிரம்பியிருந்தன. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்ற விளம்பரங்களும் மலிந்திருந்தன. இவற்றைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் 1954 இல் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்களைத் தடுக்கும் இச்சட்டம் 1955 ஏப்ரல் 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் 3 ஆம் பிரிவு நான்கு வகை விளம்பரங்களைத் தடை செய்கிறது. கருச்சிதைவு அல்லது கருத்தடை, பாலின்ப ஆற்றலைப் பெருக்குதல், மாதவிடாய்க் கோளாற்றைச் சீர்செய்தல், அட்டவணையில் உள்ள நோய்களைக் கண்டறிதல், தணித்தல், குணப்படுத்தல் அல்லது தடுத்தல் ஆகியவற்றுக்கு ஒரு மருந்து பயன்படும் என்று விளம்பரம் செய்யலாகாது. அட்டவணையில் 54 நோய்களும் நிலைகளும் உள்ளன. புற்றுநோய், நீரிழிவு, இதய நோய், உயர் அல்லது தாழ் இரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு, கண்புரை, உடல் பருமன், வாதநோய், வெண்குட்டம் ஆகியன அவற்றுள் சில.

இங்குக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 3 ஆம் பிரிவைப் பொறுத்தவரை, மருந்து உண்மையில் பயன் தருமா என்பது கேள்வியன்று. இந்நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களை நோக்கி விளம்பரம் செய்வதே குற்றம். நோயாளி தானே மருந்து தேர்ந்து உண்பதைத் தடுப்பது இதன் நோக்கம். மருந்தின் தன்மை பற்றிப் பொய்யான எண்ணம் உண்டாக்கும் விளம்பரங்களை 4 ஆம் பிரிவும், மந்திர சிகிச்சை விளம்பரங்களை 5 ஆம் பிரிவும் தடுக்கின்றன. பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் இரகசியமாக அனுப்பப்படும் அறிவிப்புகளுக்கும், அரசு வெளியிடும் விளம்பரங்களுக்கும் 14 ஆம் பிரிவு விலக்களிக்கிறது.

சட்டத்தை இயற்றியோரின் தொலைநோக்கு மற்றோர் இடத்தில் வெளிப்படுகிறது. விளம்பரம் என்பதற்கு அவர்கள் தந்த விளக்கத்தில் துண்டறிக்கை, உறை, ஒட்டுச்சீட்டு ஆகியவற்றுடன், ஒளி, ஒலி அல்லது புகையின் வழியாகச் செய்யப்படும் அறிவிப்பும் அடங்கும். இந்தியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1959 இல்தான். அதற்கு ஐந்தாண்டு முன்னரே இயற்றப்பட்ட சட்டம், பின்னால் வந்த தொலைக்காட்சியைத் தன் வரம்புக்குள் எளிதில் ஏற்றுக்கொண்டது.

பேச்சுரிமையும் விளம்பரமும்

இச்சட்டம் பேச்சுரிமைக்கு முரணானது என்று ஹம்தர்த் தவாகானா நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1959 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளம்பரம் பேச்சின் ஒரு வடிவமே எனினும், அதன் நோக்கம் வணிகமாக இருக்கும்போது, தடை செய்யப்பட்ட மருந்துகளைப் பரப்புவதற்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு கிட்டாது என்பது தீர்ப்பின் சாரம். அதே வேளையில், எந்த நோயையும் விதிகளின் வழியே பட்டியலில் சேர்க்க அரசுக்கு வழங்கப்பட்டிருந்த அளவற்ற அதிகாரத்தையும், பறிமுதல் அதிகாரத்தின் ஒரு பகுதியையும் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அக்குறைகளைக் களைய 1963 இல் சட்டம் திருத்தப்பட்டது.

1995 இல் டாடா பிரஸ் வழக்கில், வணிகப் பேச்சும் அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உரியதே என உச்ச நீதிமன்றம் கூறியது. நுகர்வோர் செய்தி பெறும் உரிமையையும் அது எடுத்துக்காட்டியது. ஆயினும் பொய்யான, ஏமாற்றும் விளம்பரத்திற்கு அப்பாதுகாப்பு இல்லை.

தொலைக்காட்சி விதிகள்

தூர்தர்ஷனில் வணிக விளம்பரம் 1976 ஜனவரியில் தொடங்கியது. அப்போது ஒரே ஒரு நிறுவனம் தன் விதிகளின்படி விளம்பரங்களைத் தேர்ந்தெடுத்தது. 1990க்குப் பின் தனியார் அலைவரிசைகள் பெருகின. அவற்றுக்கென 1994 ஆம் ஆண்டின் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளும் 1995 ஆம் ஆண்டின் சட்டமும் வந்தன. அவ்விதிகளின் 7 ஆம் விதியே விளம்பர ஒழுங்கு நெறியாகும்.

மக்களின் எரிச்சலுக்குக் காரணமாகும் பலவற்றை இந்நெறி தொட்டுச் செல்கிறது. ஒரு பொருளுக்கு வியத்தகு அல்லது தெய்விக ஆற்றல் உண்டென எண்ணச் செய்யும் கூற்று கூடாது. விளம்பரத்தின் ஒலி மிகுந்திருத்தல் கூடாது. விளம்பரம் நிகழ்ச்சியினின்று தெளிவாக வேறுபட்டுத் தோன்ற வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் 12 நிமிடத்திற்கு மேற்படலாகாது என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. 2013 இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இவ்வரம்பைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முனைந்தபோது ஒளிபரப்பாளர்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினர்.

நெறி இருந்தும் மருத்துவ ஆலோசனை என்ற பெயரில் காலை நேரங்களில் வரும் நிகழ்ச்சிகள் இவ்வெல்லையை மங்கச் செய்கின்றன. நெறியாளர் வினவ, வைத்தியர் விடையளிக்க, திரையின் அடியில் தொலைபேசி எண் ஓடுகிறது. பார்ப்பவர் அதனை நிலையத்தின் நிகழ்ச்சியாகவே கருதுகிறார். உண்மையில் அது பணம் கொடுத்து வாங்கிய நேரம். விளம்பரம் என்று அறிந்தால் எழும் ஐயம், நிகழ்ச்சி என்று நம்பினால் எழுவதில்லை. தீங்கின் வேர் இங்கேதான் உள்ளது.

பாலக்காட்டு வழக்கு

1954 ஆம் ஆண்டுச் சட்டம் பல்லாண்டுகள் பெயரளவில் இருந்ததாகவே பலர் கருதினர். அண்மைக் காலத்தில் அதனை உயிர்ப்பித்ததில் கேரளத்திற்குச் சிறப்பான பங்குண்டு. அம்மாநிலத்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஒருவர் தொடர்ந்து அனுப்பிய புகார்கள் இதற்குத் தூண்டுகோலாயின. 2024 முதல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, உத்தராகண்டைச் சேர்ந்த திவ்யா பார்மசி நிறுவனத்தின் விளம்பரங்கள் தொடர்பாகக் கோழிக்கோடு, பாலக்காடு உள்ளிட்ட இடங்களில் வழக்குகள் தொடர்ந்தது.

சித்தூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலக்காட்டில், இரண்டாம் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் பாபா ராம்தேவ், ஆச்சார்ய பாலகிருஷ்ணா ஆகியோருக்கு எதிராகப் பிணையில் விடத்தக்க பிடியாணையும், அவர்கள் முன்னிலையாகாததால் பிப்ரவரி 1 ஆம் நாள் பிணையில் விட இயலாத பிடியாணையும் பிறப்பித்தது. பிடியாணை என்பது எதிரியை நீதிமன்றத்திற்கு வரச் செய்யும் நடைமுறையே; அது குற்றத் தீர்ப்பன்று. ஆயினும் நாடெங்கும் அறியப்பட்ட ஒரு நிறுவனத்தை மாவட்ட நிலையிலான நீதிமன்றமும் அழைக்க இயலும் என்பதை இது உணர்த்தியது.

இதே காலத்தில் இந்திய மருத்துவச் சங்கம் 2022 இல் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் விசாரித்து வந்தது. அளித்த உறுதிமொழிக்கு மாறாக விளம்பரம் தொடர்ந்ததாகக் கூறி, 2024 பிப்ரவரியில் பதஞ்சலி நிறுவனத்திற்கு நீதிமன்ற அவமதிப்பு அறிவிப்பு அனுப்பப்பட்டது. நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டது. அதனை ஏற்று 2024 ஆகஸ்டில் அவமதிப்பு நடவடிக்கை முடிக்கப்பட்டது. 2024 மே 7 ஆம் நாள் ஆணையில், விளம்பரம் வெளியாகும் முன் அது விதிகளுக்கு உட்பட்டது என விளம்பரதாரர் தாமே உறுதிமொழி அளிக்க வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. 2025 மார்ச்சில், 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மக்களின் புகார்களைப் பெறுவதற்கு ஒவ்வொரு மாநிலமும் இரண்டு மாதங்களுக்குள் தக்க அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது.

முன் அனுமதி என்னும் சிக்கல்

விளம்பரம் வெளியான பின் தண்டிப்பதா, வெளியாகும் முன் தணிக்கை செய்வதா என்பது இத்துறையின் நெடுநாளைய வாதம். 2018 டிசம்பரில் மத்திய அரசு மருந்து விதிகளில் 170 ஆம் விதியைச் சேர்த்தது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு மாநில உரிம அதிகாரியிடம் முன்னதாகத் தனி எண் பெற வேண்டும் என்பது அவ்விதி. தயாரிப்பாளர்கள் இதனை நீதிமன்றங்களில் எதிர்த்தனர். 2023 ஆகஸ்டில், இவ்விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என ஆயுஷ் அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியே நீக்கப்பட்டது. அந்நீக்கத்தை ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் மூல வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது அத்தடையும் நீங்கியது.

ஆகவே முன் அனுமதி என்னும் வாயில் இப்போது இல்லை. வெளியான விளம்பரத்தைக் கண்டு, புகார் செய்து, வழக்குத் தொடரும் பழைய வழியே எஞ்சியுள்ளது. இதனால் பார்வையாளரின் பொறுப்பும் கள அலுவலரின் பொறுப்பும் கூடியுள்ளன.

வெளிநாடுகளின் படிப்பினை

மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்துகளைப் பொதுமக்களுக்குப் பெயர் சொல்லி விளம்பரம் செய்ய அனுமதிக்கும் நாடுகளுள் அமெரிக்காவும் நியூசிலாந்தும் முதன்மையானவை. அமெரிக்காவில் 1997 இல் உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பின் தொலைக்காட்சியில் இத்தகைய விளம்பரம் பெருவெள்ளமாயிற்று. பெரும் விளம்பரத்துடன் விற்பனையான வயாக்ஸ் என்னும் வலி மருந்து, இதயத்திற்குத் தீங்கு விளைவிப்பது தெரியவந்து 2004 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. புதிய மருந்தின் தீங்குகள் முழுவதும் வெளிப்படுமுன் விளம்பரம் அதனைப் பெருந்தொகையினரிடம் சேர்த்துவிடும் என்பதற்கு இது சான்று. 2015 இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே இவ்விளம்பரங்களைத் தடை செய்யக் கோரியது. உலக சுகாதார நிறுவனம் 1988 இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இவ்வகை மருந்துகளைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைப் பொதுவாக ஏற்கவில்லை.

எல்லைப் பகுதியின் தனிச்சிக்கல்

சித்தூர் போன்ற எல்லைப் பகுதியில் நிர்வாகச் சிக்கல் ஒன்று கூடுதலாக உள்ளது. மருந்து உத்தராகண்டிலோ குஜராத்திலோ தயாராகிறது. விளம்பரம் சென்னையிலிருந்து ஒளிபரப்பாகிறது. அதனைக் காண்பவர் கேரளவாசி. வாங்குவதோ பொள்ளாச்சியில் அல்லது கோயம்புத்தூரில். தயாரிப்பு உரிமம் ஒரு மாநிலத்தின் கையிலும், ஒளிபரப்பு மத்திய அரசின் கையிலும், நோயுற்றவரைப் பேணும் சுமை மற்றொரு மாநிலத்தின் வட்ட மருத்துவமனையிலும் விழுகின்றன. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் நிலையும் இதுவே. மலையாளத்தில் வெளியாகும் சுகாதார அறிவிப்புகள் அவர்களை முழுமையாக எட்டுவதில்லை. தமிழில் வரும் விளம்பரமோ தவறாமல் எட்டுகிறது.

கேரள அரசு 2024 இல் நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சீட்டின்றி விற்கும் கடைகளைச் சோதிக்க அம்ருத் என்னும் நடவடிக்கையைத் தொடங்கியது. கடையின் மேடையில் விற்பனையைக் கட்டுப்படுத்தும் இம்முயற்சியுடன், திரையில் தோன்றும் தூண்டுதலைக் கட்டுப்படுத்தும் முயற்சியும் இணைந்தால்தான் பயன் முழுமை பெறும்.

புகார் செய்யும் முறை

எரிச்சல் புகாராக மாறினால்தான் சட்டம் அசையும். புகாரில் அலைவரிசையின் பெயர், நாள், நேரம், மருந்தின் பெயர், கூறப்பட்ட வாக்குறுதி ஆகியன குறிக்கப்பட வேண்டும். ஒளிபரப்பின் பதிவை நிலையங்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதால் காலந்தாழ்த்தலாகாது.

மருந்தைப் பற்றிய புகார் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குச் செல்ல வேண்டும். ஆயுஷ் மருந்துகளைப் பற்றிப் புகார் செய்ய 2025 மே மாதம் ஆயுஷ் சுரக்ஷா என்னும் இணையவழி அமைப்பும் தொடங்கப்பட்டது. ஒளிபரப்பைப் பற்றிய புகாரை முதலில் நிலையத்திற்கே அனுப்ப வேண்டும். 2021 ஆம் ஆண்டின் திருத்த விதிகளின்படி நிலையம் 15 நாளில் முடிவு கூற வேண்டும். ஏமாற்றப்பட்ட நுகர்வோர் 1915 என்னும் தேசிய உதவி எண்ணையும் நாடலாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையம், பொய் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். விளம்பரத்தில் தோன்றும் புகழ்பெற்றோரையும் ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றாமல் தடுக்கலாம்.

அலுவலர் நினைவில் கொள்ள வேண்டியது கால வரம்பு. 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதற்குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், மறுகுற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை எனத் தண்டனை சிறியது. இத்தகைய குற்றங்களை ஓராண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறை. கோப்பு ஓராண்டு உறங்கினால் வழக்கும் உறங்கிவிடும். தண்டனையை ஐந்தாண்டு வரையும், அபராதத்தைப் பல இலட்சம் ரூபாய் வரையும் உயர்த்தும் திருத்த முன்வரைவு ஒன்று 2020 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது, அது சட்டமாகவில்லை.

செய்யத்தக்கவை

முதலாவதாக, எல்லை மாவட்டங்களின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள், கோயம்புத்தூர், பாலக்காடு, தேனி, இடுக்கி என மாநில எல்லை கடந்து, புகார்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு தேவை. இரண்டாவதாக, கேரளத்தின் தமிழ் வழங்கும் பகுதிகளில் சுகாதார அறிவிப்புகளைத் தமிழிலும் வெளியிடுதல் வேண்டும். மூன்றாவதாக, பணம் பெற்று ஒளிபரப்பும் மருத்துவ நிகழ்ச்சிகளில் இது விளம்பரம் என்னும் சொல் நிகழ்ச்சி முழுவதும் திரையில் நிற்க வேண்டும். நான்காவதாக, பள்ளி, கல்லூரிகளின் நுகர்வோர் மன்றங்கள் ஒரு வார கால மருந்து விளம்பரங்களைக் குறித்து, 54 நோய்களின் அட்டவணையோடு ஒப்பிடும் பயிற்சியை மேற்கொள்ளலாம். மாணவர்க்கு இது கல்வி. துறைக்கு இது சான்று.

மரபு மருத்துவத்தின் நற்பெயரும் இதில் அடங்கியுள்ளது. நேர்மையாக மருத்துவம் செய்யும் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்குப் பொய் விளம்பரத்தால் விளையும் இழுக்கு சிறிதன்று. மருந்தைப் பற்றி மருத்துவர் சொல்லட்டும், நோயைப் பற்றி அரசு சொல்லட்டும் என்னும் எளிய நெறி நிலைபெறுமாயின், மாலை வேளையில் திரைமுன் அமரும் குடும்பத்திற்கு அமைதியும், மாதக் கடைசியில் அதன் கையில் எஞ்சும் பணத்திற்குப் பாதுகாப்பும் கிட்டும்.